பூட்டிய அறையில் எத்தனை பேர்?

2019-ஆம் ஆண்டின் பிற்பாதி. ஹாங்காங்கில் போராட்டத்துக்குக் கிளம்பும் இளைஞர்களில் சிலர், வீட்டுப் படியிறங்கும் முன் செல்பேசியில் ஒரு வேலையை முடித்துவிட்டுப் போவார்கள். தங்கள் டெலிகிராம் குழுவுக்கு ஒரு செய்தி எழுதி, அதை உடனே அனுப்பாமல், சில மணி நேரம் கழித்துத் தானாகப் போகும்படி நேரம் குறித்து வைப்பார்கள். பத்திரமாகத் திரும்பிவிட்டால் அதை அழித்துவிடலாம். திரும்பாவிட்டால், குறித்த நேரத்தில் செய்தி குழுவில் வந்து விழும். ஆள் பிடிபட்டிருக்கலாம் என்று அர்த்தம். அதைப் பார்த்ததும் அட்மின் முதல் காரியமாக அந்த நண்பரையே குழுவிலிருந்து நீக்குவார்.

கேட்பதற்குக் கொடுமையாக இருக்கும். தோழன் லாக்கப்பில் இருக்கும்போது அவனை வெளியே தள்ளுவதா? ஆனால் நீக்கப்படுவது தோழன் என்று சொல்ல முடியாது. அவன் கையில் இருந்த செல்பேசி இந்நேரம் வேறொருவர் மேசையில் கிடக்கும். அதைத் திறந்துவிட்டால் குழுவில் அடுத்து வரும் ஒவ்வொரு சொல்லையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே படிக்கலாம். யார் எங்கே கூடுகிறார்கள், யார் வீட்டில் யார் தங்கியிருக்கிறார்கள், எந்த வழக்கறிஞர் வருகிறார் என்று எல்லாமே.

லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரியைச் சேர்ந்த மார்ட்டின் ஆல்பிரெக்ட், ஹோர்ஹே பிளாஸ்கோ, ரிக்கே யென்சன், லென்கா மரேகோவா ஆகிய நால்வர் ஹாங்காங் போராட்டக்காரர்கள் 11 பேரிடம் விரிவாகப் பேசி, இப்படிப்பட்ட பழக்கங்களைத் தொகுத்து 2021-இல் வெளியிட்டார்கள். ஆய்வாளர்களில் மறையாக்கக் கணிதத்தைத் தொழிலாகக் கொண்டவர்களும் இருந்தார்கள். செயலியின் சூத்திரத்தைப் பரிசோதிப்பதோடு நிற்காமல், அதைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நின்றவர்களைத் தேடிப் போய்க் கேட்டதுதான் அந்த ஆய்வின் பெருமை. கேட்டபோது தெரிந்தது இது: ஒரு நபரின் ரகசியத்தைக் காப்பதற்காக வடிவமைக்கப்பட்ட கருவிகளை வைத்துக்கொண்டு, ஒரு கூட்டத்தின் ரகசியத்தைக் காக்க அவர்கள் தாங்களாகவே வழி கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் அதிகம் நம்பியது டெலிகிராமை. இதைக் கேட்டால் துறை வல்லுநர்கள் தலையில் கை வைப்பார்கள். டெலிகிராமில் இருவர் மட்டும் பேசும் ‘ரகசிய அரட்டை’க்குத்தான், பேசுபவர்களைத் தவிர யாரும் படிக்க முடியாத முனைக்கு முனை மறையாக்கம் உண்டு. குழுக்களுக்குக் கிடையாது. குழுவில் எழுதுவது டெலிகிராமின் சர்வருக்குப் போய்ச் சேர்கிறது, அந்த நிறுவனம் நினைத்தால் படிக்கலாம். சிக்னல் செயலியிலோ குழுவும் முழுவதும் மறையாக்கத்துக்குள் இருக்கிறது. பிறகு ஏன் டெலிகிராம்?

சிக்னலில் அன்று குழுவில் சேர்ந்தால் சேர்ந்தவரின் செல்பேசி எண் எல்லோருக்கும் தெரியும். ஆயிரக்கணக்கானோர் இருக்கும் குழுவில் ஒரு போலீஸ்காரர் புகுந்துவிட்டால் அவருக்கும் தெரியும். எண் கிடைத்தால் பெயர் கிடைக்கும், முகவரி கிடைக்கும். ஹாங்காங் இளைஞருக்கு முதல் அச்சம், நிறுவனம் படித்துவிடுமோ என்பதைவிட, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யாரோ என்பதாக இருந்தது. டெலிகிராமில் புனைபெயரில் உலவலாம். ஒரு குழுவில் 2,00,000 பேர் வரை சேரலாம். வாக்கெடுப்பு நடத்தலாம். 2019 ஜூன் 21 அன்று போலீஸ் தலைமையகத்தின் முன்னால் திரண்டிருந்தவர்கள் வீட்டுக்குக் கிளம்புவதா, தொடர்வதா என்று ஒரு டெலிகிராம் குழுவில் கேட்டபோது ஏறத்தாழ 4,000 பேர் வாக்களித்தார்கள். கிளம்பலாம் என்றவர்கள் 39 சதவீதம்தான். தலைவர் என்று ஒருவர் இல்லாத போராட்டத்தில் முடிவுகள் இப்படித்தான் எடுக்கப்பட்டன.

புனைபெயரும் முழுக் கவசம் ஆகவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. ஒருவர் தன் செல்பேசியின் முகவரிப் பட்டியலில் வரிசையாக ஆயிரக்கணக்கான எண்களைப் பதிந்துகொண்டால், குழுவில் இருப்பவர்களில் யாருடைய எண் அதோடு ஒத்துப்போகிறது என்று டெலிகிராமே காட்டிக்கொடுத்துவிடும். ஹாங்காங்கில் செல்பேசி எண்ணுக்கு எட்டே இலக்கம். ஓர் அரசுக்கு இது பெரிய வேலையே அல்ல. செய்தி பரவியதும் டெலிகிராம் அவசரமாகத் திருத்தம் கொண்டுவந்தது. அதற்கு முன்பே, ஜூன் 11 இரவில், பல்லாயிரம் பேர் கொண்ட குழு ஒன்றின் அட்மினை அவர் வீட்டிலேயே போலீஸ் கைது செய்திருந்தது. வயது 22. அன்று அவர் போராட்டக் களத்தில் இல்லை. செல்பேசியைத் திறக்கச் சொன்னார்கள்.

சூத்திரத்தை உடைக்க வேண்டிய தேவையே அங்கே எழவில்லை. கதவைத் தட்டினால் போதுமானதாக இருந்தது.

சூத்திரம் என்னதான் செய்கிறது என்பதையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் அது நிஜமாகவே பெரிய சாதனை. சிக்னலையும் வாட்ஸ்அப்பையும் பயன்படுத்தும் ஒவ்வொரு செல்பேசியும் தனக்கென்று ஜோடிச் சாவிகளைச் செய்துகொள்கிறது. ஒன்றை ஊருக்கே கொடுக்கலாம், அதை வைத்துப் பூட்டத்தான் முடியும். திறப்பதற்கான இன்னொன்று செல்பேசியை விட்டு வெளியே போவதில்லை. நடுவில் இருக்கும் சர்வர் பூட்டிய பெட்டியை வாங்கி, பூட்டியபடியே கொண்டுபோய்க் கொடுக்கிறது. மாக்ஸி மார்லின்ஸ்பைக்கும் டிரெவர் பெரினும் வடிவமைத்த சிக்னல் நெறிமுறை இதற்கு மேலும் ஒரு படி போகிறது. ஒவ்வொரு செய்திக்கும் புதுச் சாவி, பயன்படுத்திய சாவி உடனே அழிப்பு. இன்று ஒருவர் சாவியைத் திருடினாலும் நேற்று வழியில் பிடித்து வைத்திருந்த பெட்டியைத் திறக்க முடியாது. 2016 ஏப்ரலில் வாட்ஸ்அப் இதே நெறிமுறையைத் தன் 100 கோடிக்கும் மேற்பட்ட பயனாளர்களுக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் மறையாக்கம் என்பது அதற்கென்று மெனக்கெடுபவர்களின் சொத்தாக இருந்தது. மறுநாள் காய்கறிக் கடைக்காரர் கையிலும் இருந்தது.

இருவர் என்றால் இவ்வளவுதான். குழு என்றால் கதை வேறு.

40 பேர் குழுவில் ஒருவர் ‘நாளை காலை 10 மணி’ என்று எழுதினால், மற்ற 39 பேருக்கும் அவரவர் பூட்டில் தனித்தனியாக 39 பெட்டிகள் போக வேண்டும். ஆரம்பத்தில் சிக்னல் அப்படித்தான் செய்தது. வாட்ஸ்அப் வேறு வழி எடுத்தது. குழுவில் உள்ள ஒவ்வொருவரும் தனக்கென ஒரு ‘அனுப்புநர் சாவி’ செய்து, அதை மற்றவர்களுக்குத் தனித்தனியாக, பத்திரமாக முதலிலேயே கொடுத்துவிடுவார்கள். அதன்பின் ஒரு செய்தியை ஒருமுறை பூட்டினால் போதும், சர்வர் எல்லோருக்கும் நகல் அனுப்பும். வேகம் கூடுகிறது. சிக்கல் எப்போது என்றால், ஒருவர் குழுவை விட்டுப் போகும்போது. அவரிடம் எல்லோருடைய சாவியும் இருக்கிறதே! வீட்டுச் சாவி வைத்திருந்த ஆள் போய்விட்டால் பூட்டை மாற்றுவது போல, மிச்சமிருக்கும் ஒவ்வொருவரும் புதுச் சாவி செய்து மறுபடியும் எல்லோருக்கும் தர வேண்டும். செயலி இதைத் திரைக்குப் பின்னால் செய்துவிடுகிறது. குழு ஆயிரம், பத்தாயிரம் என்று பெருகும்போது இந்தச் சாவி மாற்றமே சுமையாகிறது.

இதற்கு ஓர் அழகான தீர்வு 2023 ஜூலையில் இணையத் தர நிர்ணய அமைப்பான ஐஇடிஎஃப் வெளியிட்ட எம்எல்எஸ் நெறிமுறையில் இருக்கிறது. கிரிக்கெட் தொடரின் நாக்-அவுட் அட்டவணையை நினைத்துக்கொண்டால் எளிது. கீழே ஆயிரம் அணிகள் இருந்தாலும் இறுதிப்போட்டிக்குப் பத்துச் சுற்றுகள்தான். அதுபோல உறுப்பினர்களை இரண்டிரண்டாக இணைத்து மேலே ஒரு மரமாகக் கட்டுகிறார்கள். ஒருவர் தன் சாவியை மாற்றினால், அவரிடமிருந்து உச்சிவரை போகும் அந்த ஒரு பாதையில் மட்டும் பத்து இடங்களில் மாற்றம் நடந்தால் போதும், ஆயிரம் இடங்களில் தேவையில்லை. பெரிய குழுவையும் அடிக்கடி சாவி மாற்றிக் காக்கலாம் என்று கணிதம் சொல்லிவிட்டது.

பூட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், உள்ளே வருகிறவர் பட்டியலை யார் வைத்திருக்கிறார்கள் என்ற கேள்வி தனியாக நிற்கிறது. ஜெர்மனியின் போஹும் நகரத்திலுள்ள ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018 ஜனவரியில் இதைத் தொட்டுக் காட்டினார்கள். வாட்ஸ்அப் சர்வரைத் தன் பிடியில் வைத்திருக்கும் ஒருவர், அட்மினைக் கேட்காமலே ஒரு புது ஆளைக் குழுவில் நுழைத்துவிட முடியும் என்பது அவர்களின் கண்டுபிடிப்பு. ‘இன்னார் சேர்ந்தார்’ என்ற சிறு வரி திரையில் வரும், உண்மைதான். 200 பேர் குழுவில், இரவு 11 மணிக்கு, அந்த வரியை யார் கவனிக்கிறார்கள்?

சிக்னல் இதற்கு எடுத்த வழி கவனிக்கத்தக்கது. 2020 வாக்கில் வந்த அதன் புதிய குழு அமைப்பில் உறுப்பினர் பட்டியலும் குழுவின் பெயரும் படமும்கூட மறையாக்கம் செய்யப்பட்டே சர்வரில் இருக்கின்றன. யார் யார் குழுவில் இருக்கிறார்கள் என்று நிறுவனத்துக்கே தெரியாது. தெரியாததைக் கேட்டாலும் கொடுக்க முடியாது. இது வெறும் பேச்சில்லை என்பதற்கு 2016-இல் நடந்த ஒரு சம்பவமே சாட்சி. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு வழக்கு விசாரணைக்காக நீதிமன்றம் மூலம் ஒரு பயனாளரின் விவரங்களைக் கேட்டார்கள். சிக்னலால் கொடுக்க முடிந்தவை இரண்டே இரண்டு: அந்தக் கணக்கு எப்போது தொடங்கப்பட்டது, கடைசியாக எப்போது சர்வரோடு தொடர்புகொண்டது. வாட்ஸ்அப்பிலும் செய்தியின் உள்ளடக்கம் நிறுவனத்துக்குத் தெரியாது. ஆனால் யார் யாரோடு, எந்தக் குழுவில், எப்போது என்ற புறவிவரங்களில் பல அதன் கையில் இருக்கின்றன. ஒரு தொழிற்சங்கத்தையோ நிலமீட்பு இயக்கத்தையோ கண்காணிக்க நினைப்பவருக்குப் பேச்சைவிட அந்தப் பட்டியல்தான் விலை மதிப்புள்ளது.

இந்தியாவில் போராட்டம் என்றால் வாட்ஸ்அப் குழுதான். மீனவர் சங்கமோ, நிலம் கையகப்படுத்தலை எதிர்க்கும் கிராமமோ, தூய்மைப் பணியாளர்களோ, முதல் நாளே ஒரு குழு தொடங்கப்பட்டுவிடும். சாவி, சர்வர் என்றெல்லாம் பேசிப் புரியவைத்து எல்லோரையும் வேறு செயலிக்கு மாற்றுவது நடக்கிற காரியமா? செல்பேசியில் இடமே இல்லை என்பார் ஒருவர், இது எனக்கு வராது தம்பி என்பார் இன்னொருவர். ஆகவே பேச வேண்டியது, இருக்கிற குழுவில் எப்படி இருப்பது என்பதைப் பற்றித்தான்.

நீதிமன்றங்களுக்கு இந்தக் குழுக்கள் வந்துசேர்ந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. 2020 டெல்லி கலவரச் சதி வழக்கில், குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராகப் போராடியவர்களின் வாட்ஸ்அப் குழு உரையாடல்கள் குற்றப்பத்திரிகையில் ஆதாரமாக வைக்கப்பட்டன. மறுஆண்டு பிப்ரவரி 13 அன்று பெங்களூருவைச் சேர்ந்த 22 வயதுச் சூழல் செயற்பாட்டாளர் திஷா ரவி கைது செய்யப்பட்டார். விவசாயிகள் போராட்டத்தை ஆதரித்த ஒரு ‘டூல்கிட்’ ஆவணத்தைத் திருத்தியதும் வாட்ஸ்அப் குழு தொடங்கியதும் அவர்மேல் சொல்லப்பட்டவற்றில் அடங்கும். பத்து நாள் கழித்து ஜாமீன் வழங்கிய டெல்லி நீதிபதி தர்மேந்தர் ராணா, வாட்ஸ்அப் குழு தொடங்குவது குற்றமாகாது என்று தெளிவாக எழுதினார். அதே 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குக் கரூர் வழக்கறிஞர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்று வழக்காக வந்தது. உறுப்பினர் ஒருவர் போட்ட பதிவுக்காக அட்மின் மீதும் வழக்கு. அட்மின் வேலையை மட்டுமே அவர் பார்த்திருந்தால் குற்றப்பத்திரிகையிலிருந்து அவர் பெயரை நீக்க வேண்டும் என்றார் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன். மறுஆண்டு கேரள உயர் நீதிமன்றமும் அட்மின்கள் பக்கம் நின்றது. அட்மின் ஆவதற்கே பயந்துகொண்டிருந்தவர்களுக்கு இந்தத் தீர்ப்புகள் பெரிய ஆறுதல்.

இன்னொரு பக்கம் 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகள் வேறு திசையில் இழுக்கின்றன. 50 லட்சத்துக்கு மேல் பயனாளர்கள் உள்ள செய்தி சேவைகள், உரிய உத்தரவு வந்தால், ஒரு செய்தியை முதன்முதலில் எழுதியவர் யார் என்று சொல்லியாக வேண்டும் என்கின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்றே பார்க்க முடியாத பெட்டிக்கு யார் முதல் சொந்தக்காரர் என்று எப்படிச் சொல்வது? சொல்ல வேண்டுமானால் எல்லோருடைய எல்லாச் செய்திகளுக்கும் ஓர் அடையாளம் போட்டு வைக்க வேண்டும். வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவில் இருக்க முடியாது என்று 2024 ஏப்ரலில் அதன் வழக்கறிஞர் நீதிமன்றத்தில் சொன்னார். வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியால் அடித்துக் கொல்லப்பட்டவர்களின் நினைவு நாட்டுக்கு இருக்கிறது, அரசின் கவலையை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் ஒரு வதந்திக்காரரைப் பிடிக்க, ஊரில் உள்ள அத்தனை பேரின் பேச்சிலும் அடையாளம் ஒட்டுவது, புகார் சொல்லத் துணியும் கடைசி ஆளையும் வாய் மூட வைத்துவிடும்.

நூறு பேர் குழுவில் ஒரு செய்தி போட்டால் அதற்கு நூறு பிரதிகள் பிறக்கின்றன. நூறு செல்பேசிகள், அவற்றின் கூகுள் டிரைவ் பேக்கப்புகள், வீட்டு மேசையில் திறந்தே கிடக்கும் வாட்ஸ்அப் வெப், பிள்ளைகள் விளையாட வாங்கும் பழைய போன். வாட்ஸ்அப் பேக்கப்புக்கும் மறையாக்கம் போடும் வசதி 2021-இன் கடைசியில்தான் வந்தது. அதுவும் அவரவரே அமைப்புகளுக்குள் போய்ப் போட்டுக்கொள்ள வேண்டும். 99 பேர் போட்டு ஒருவர் போடாவிட்டால், அந்த ஒருவரின் பேக்கப்பில் நூறு பேரின் பேச்சும் கிடக்கிறது.

செல்பேசியே எதிரி கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு செர்பியாவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 2024 பிப்ரவரியில் ஒரு பத்திரிகையாளரை, வழக்கமான வாகனச் சோதனை போலத்தான் இருந்தது, நிறுத்திக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். செல்பேசியை அணைத்து வரவேற்பறையில் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தார். பேசி முடித்து வாங்கிப் பார்த்தால் மொபைல் டேட்டாவும் வைஃபையும் அணைக்கப்பட்டிருந்தன. அவர் அணைக்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் ‘ஏதோ கை பட்டிருக்கும்’ என்று விட்டிருப்பார்கள். அவருக்கு உறுத்தியது. அம்னெஸ்டி இன்டர்நேஷனலின் பாதுகாப்பு ஆய்வகத்திடம் செல்பேசியைக் கொடுத்தார். செலிபிரைட் நிறுவனத்தின் கருவியால் பூட்டைத் திறந்து, நோவிஸ்பை என்ற உளவு மென்பொருளை உள்ளே வைத்திருப்பது தெரியவந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் வெளியான அம்னெஸ்டியின் அறிக்கை, செயற்பாட்டாளர்கள் பலருக்கும் இதே கதி நேர்ந்ததைக் காட்டியது. திரையில் தெரிவதைப் படமெடுக்கும் மென்பொருளுக்கு முன்னால், செய்தி என்ன பூட்டில் வந்தால் என்ன?

செல்பேசியைக் கையில் வாங்காமலே இதைச் செய்வது பெகாசஸ் என்ற உளவு மென்பொருள். 2019-இல் ஏறத்தாழ 1,400 செல்பேசிகள் குறிவைக்கப்பட்டதாக வாட்ஸ்அப் அறிவித்தது. ஒரு வாட்ஸ்அப் அழைப்பு வரும், எடுக்காவிட்டாலும் உளவு மென்பொருள் ஏறிவிடும். குறிவைக்கப்பட்டவர்களில் இந்தியாவின் மனித உரிமை வழக்கறிஞர்களும் செயற்பாட்டாளர்களும் இருந்தார்கள். பெகாசஸ் விலை உயர்ந்தது, எல்லோர் மீதும் ஏவப்படுவதில்லை. எளிய தந்திரங்கள் அதைவிடப் பரவலானவை. உக்ரைனில் சிக்னல் பயன்படுத்துபவர்களைக் குறிவைத்து, குழுவில் சேர்வதற்கான அழைப்பு இணைப்பு போலவே தோன்றும் போலிப் பக்கங்களை ரஷ்யச் சார்பு ஊடுருவலாளர்கள் உருவாக்கியிருந்ததை கூகுள் 2025 பிப்ரவரியில் அம்பலப்படுத்தியது. அழைப்பை ஏற்பதாக நினைத்து ஒருவர் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால், அவர் கணக்கோடு எதிரியின் கருவி இணைந்துவிடும். அதன்பின் அவருக்கு வரும் செய்திகள் எல்லாம் அங்கேயும் போகும், முறையான மறையாக்கத்தோடு.

எதிரியே இல்லாமலும் கசியும். அடுத்த மாதமே அது நடந்தது. யேமன் மீது தாக்குதல் நடத்துவது பற்றிப் பேச அமெரிக்காவின் அன்றைய தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் மைக் வால்ட்ஸ் தொடங்கிய சிக்னல் குழுவில், ‘தி அட்லாண்டிக்’ இதழின் ஆசிரியர் ஜெஃப்ரி கோல்ட்பெர்க் தவறுதலாகச் சேர்க்கப்பட்டிருந்தார். துணை அதிபர், பாதுகாப்பு அமைச்சர் எல்லோரும் இருந்த குழு. விமானங்கள் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்பதுவரை பத்திரிகையாளர் படித்துக்கொண்டிருந்தார், ஒருவரும் கவனிக்கவில்லை. அத்தனை அதிகாரமும் உதவியாளர்களும் உள்ளவர்கள் தங்கள் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கவில்லை என்றால், பகலெல்லாம் வேலைக்குப் போய்விட்டு இரவில் சங்கப் பணி பார்க்கும் அட்மினை யார் குறை சொல்ல முடியும்?

அனுபவப்பட்ட இயக்கங்கள் குழுவை இரண்டாகப் பிரித்துப் பார்க்கின்றன. நூற்றுக்கணக்கானோர் உள்ள குழு என்பது மைதானம். அங்கே எழுதுவதை மறுநாள் காலைப் பேப்பரில் பார்த்தாலும் பாதகமில்லை என்ற எண்ணத்தோடுதான் எழுத வேண்டும்: கூட்டம் எங்கே, வழக்கறிஞர் எண் என்ன, குடிநீர் எந்த முனையில் கிடைக்கும். முடிவுகள் எடுப்பதற்குப் பத்துப் பேருக்கு மிகாத சிறு குழு, அதில் ஒவ்வொருவரும் மற்றவரை நேரில் பார்த்துப் பழகியவர். ஹாங்காங்கிலும் இந்த இரண்டு அடுக்கும் இருந்தன. சிறு குழுவில் மட்டுமே செய்யக்கூடிய ஒன்று உண்டு, பலருக்கும் அது இருப்பதே தெரியாது. சிக்னலிலும் வாட்ஸ்அப்பிலும் இருவருக்கு இடையிலான உரையாடலின் அமைப்புகளுக்குள் போனால் 60 இலக்க எண் ஒன்று இருக்கும், ஐந்தைந்தாகப் பன்னிரண்டு தொகுதி. இரண்டு பேர் டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்து அதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒத்திருந்தால் நடுவில் வேறெவரும் புகவில்லை. யாருடைய எண்ணாவது ஒருநாள் திடீரென மாறினால், அவர் புதுப் போன் வாங்கினாரா, சிம்மை வேறு யாராவது எடுத்துவிட்டார்களா என்று நேரில் கேட்க வேண்டிய நேரம் அது.

தானாக மறையும் செய்திகளைப் பற்றி ஒரு தயக்கத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. செல்பேசி பிடிபட்டாலும் பழைய பேச்சு அதில் இருக்காது என்பது உண்மையான பாதுகாப்பு. சாவியை அழிக்கும் சூத்திரம் வழியில் போகும் செய்தியைத்தான் காக்கிறது, திரையில் மிச்சமிருப்பதை இப்படி அழித்தால்தான் உண்டு. வாட்ஸ்அப்பில் 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று வைக்கலாம். சிக்னலில் விநாடிகளில்கூட வைக்கலாம். ஆனால் தடியடி நடந்த அன்று ஒரு பெண் எடுத்த வீடியோ, பிடித்துப்போனவர்களின் பெயர்ப் பட்டியல், குழுவுக்குள்ளேயே ஒருவர் இன்னொருவருக்குக் கொடுத்த தொல்லைக்கான சான்று, இவையும் ஏழாம் நாள் போய்விடுமே. எது மறைய வேண்டும், எதை வேறொரு பத்திரமான இடத்தில் எடுத்து வைக்க வேண்டும் என்பதை யார் பார்த்துக்கொள்வது என்று முதல் நாளே பேசி வைக்காத குழுக்கள், பின்னால் வழக்கு வரும்போது கையைப் பிசைகின்றன.

இணையமே நின்றுவிட்டால்? காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் நின்றது, மாதக்கணக்கில். இலங்கையில் ‘கோட்டா கோ ஹோம்’ போராட்டம் சூடுபிடித்த 2022 ஏப்ரல் 3 அன்று வாட்ஸ்அப், ஃபேஸ்புக் உட்படச் சமூக ஊடகங்களை அரசு முடக்கியது. மக்கள் விபிஎன் போட்டுக்கொண்டு பேசினார்கள், எதிர்ப்பு வலுக்கவே அன்றே தடை விலக்கப்பட்டது. இப்படிப்பட்ட நேரத்துக்கென்று புளூடூத் வழியாகக் கைக்குக் கை தாண்டிப் போகும் செயலிகள் உண்டு. ஹாங்காங்கில் பிரிட்ஜ்ஃபை என்ற ஒன்று பிரபலமானது. மேலே சொன்ன ராயல் ஹாலோவே ஆய்வாளர்கள் அதைப் பிரித்துப் பார்த்து, செய்திகளைப் படிக்கலாம், யார் யாரோடு பேசுகிறார்கள் என்று கண்டறியலாம், வலைப்பின்னலையே கவிழ்க்கலாம் என்று 2020-இல் அறிவித்தபோது பலரின் வயிற்றில் புளி கரைந்தது. கூட்டத்தில் நின்று இதை நம்பிப் பேசியவர்கள் தங்களை அறியாமல் ஒலிபெருக்கியில் பேசியிருக்கிறார்கள். பிரிட்ஜ்ஃபை பிறகு சிக்னல் நெறிமுறைக்கு மாறியது. இதே வேலையை இன்னும் கவனமாகச் செய்ய வடிவமைக்கப்பட்டது பிரையர். இணையம் இருந்தால், அடையாளத்தை மறைக்கும் டோர் வலையமைப்பு வழியாகவும் இல்லாவிட்டால் புளூடூத், வைஃபை வழியாகவும் செல்லும், நடுவில் சர்வரே கிடையாது. 2023 மே மாதம் ஜம்மு காஷ்மீரில் தீவிரவாதிகள் பயன்படுத்துவதாகச் சொல்லி இந்திய அரசு தடை செய்த 14 செயலிகளில் பிரையரும், எலிமென்ட் என்ற இன்னொரு செய்திச் செயலியும் இருந்தன. இரண்டின் மூலநிரலும் உலகத்துக்கே திறந்து வைக்கப்பட்டது, யாரும் எடுத்துப் படிக்கலாம்.

ஹாங்காங் இளைஞர்கள் 2019-இல் கேட்டது, செல்பேசி எண்ணைக் காட்டாமல் குழுவில் பேச ஒரு வழி. சிக்னலில் பயனர்பெயர் வசதி வந்து எண் இயல்பாகவே மறைக்கப்பட்டது 2024 பிப்ரவரியில். அதற்குள் அங்கே 2020 ஜூன் 30 அன்று தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்து, பலர் தங்கள் பழைய கணக்குகளையும் பதிவுகளையும் தாங்களே அழித்து முடித்திருந்தார்கள். டெலிகிராம் நிறுவனர் பாவெல் துரோவ் 2024 ஆகஸ்டில் பிரான்சில் கைதானதற்குப் பின், சட்டப்படி கேட்டால் பயனாளரின் எண்ணையும் ஐபி முகவரியையும் அரசுகளுக்குத் தருவோம் என்று அந்த நிறுவனம் தன் கொள்கையை மாற்றிக்கொண்டது.

ஆய்வாளர்கள் சந்தித்த அந்தப் போராட்டக்காரர்களின் குழுக்களில் இன்னொரு பழக்கமும் இருந்தது. தெருவில் இருப்பவர்கள் தங்கள் இருப்பிடத்தை நேரலையில் பகிர்ந்தபடி போவார்கள். அதைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் வேலை தோழர் ஒருவருடையது. வரைபடத்தில் ஒரு புள்ளி வெகுநேரம் நகராமல் நின்றால், ‘எங்கே இருக்கிறாய்?’ என்று கேட்பார். பதில் வராது. நீக்கும் பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு, பேட்டரி தீர்ந்திருக்குமோ என்று இன்னும் ஒரு நிமிடம் காத்திருப்பதா வேண்டாமா என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.